நாற்றங்காலின் 25 நாள்



சுருளி அருவிக்குப் போகிறவர்கள் சுருளிப்பட்டி வழியாகத்தான் போகிறார்கள். வழிநெடுகத் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது; பந்தலுக்குள் நின்று ஒரு படமாவது எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. பந்தலை ஒட்டிய வயலில் தக்காளி நிற்கும், கத்தரி நிற்கும், மிளகாய் நிற்கும். அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வயலைப் பற்றி. அதிலும், செடி வயலுக்கு வருவதற்கு முன்பு நாற்றங்காலில் கிடக்கிற நாட்களைப் பற்றி.

தக்காளி நாற்றுக்கு ஏறக்குறைய 25 நாள். கத்தரிக்கு 30 முதல் 35. மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் கூடும். நட்ட பிறகு நாம் அடிக்கிற மருந்தில் பெரும்பகுதி, இந்த நாட்களில் கோட்டை விட்டதைத் துரத்திப் பிடிக்க அடிக்கிற மருந்துதான் என்பது என் எண்ணம்.

முதலில் பனியைப் பேசி முடித்துவிடுவோம். மார்கழி பிறந்தால் உதகையில் தலைகுந்தா புல்வெளி வெள்ளை விரித்துக் கிடக்கிற படம் செய்தியில் வரும். மூணாறு பக்கம் தேயிலை கருகியது என்பார்கள். மூணாறு நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தானே, "நம்ம நாத்துக்கும் அப்படி ஆயிருமாண்ணே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உறைபனி விழ, செடியை ஒட்டிய இடத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு இறங்க வேண்டும். உதகை இருப்பது 2,200 மீட்டர் உயரத்துக்கு மேலே. நம் கம்பம் பள்ளத்தாக்கின் தரை சுமார் 400 மீட்டர்தான்.

மலையில்கூட எல்லா இரவும் உறைவதில்லை. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி தரைச்சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்து, காற்றும் அசையாமல் நின்றால்தான் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டு உறைகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுத் தோட்டம் தப்பிக்கும், ஓடைக்கரைத் தோட்டம் கருகும். செடிக்குள் இருக்கிற நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிடுகிறது. வெயில் ஏறியதும் இலை கறுத்துத் தொங்குகிறது. உதகைத் தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்நாற்றுகளின் மேல் மிலார் செடிகளை வெட்டி வந்து மூடுவது வழக்கம். விடிகாலையில் தண்ணீரைத் தெளித்து இலைமேல் படிந்த பனியைக் கரைப்பதும் உண்டு. ஈரமண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும் என்பதால் முதல் நாளே மண்ணை நனைத்து வைக்கவும் சொல்வார்கள்.

இந்த யோசனையை அப்படியே சுருளிப்பட்டிக்கு இறக்குமதி செய்தால் நாற்று செத்துப்போகும். நமக்கு வருவது உறையாத பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பனி. அது குளிரால் நாற்றைக் கொல்வதில்லை, ஈரத்தால் கொல்கிறது. இரவெல்லாம் நனைந்த நாற்று காலை எட்டு, ஒன்பது மணிவரை காயாமல் நின்றால் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரையோடு ஒட்டிய இடத்தில் நைந்து, நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். சாயங்காலம் தண்ணீர் விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளையும் இழுத்து மூடிவிட்டால் இதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகிறது. இங்கே தண்ணீர் காலையில்தான். விதையை நெருக்கி விடக்கூடாது. பாத்தி மேட்டுப்பாத்தியாக இருக்கட்டும். விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் அழுகலைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம்.

பனியால் ஒரு நன்மையும் உண்டு. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் காலைப் பனியோடு இலைமேல் தூவுகிற பழக்கம் நம் பாட்டிமார் காலத்தது. ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்கிறது; அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளின் மேல்தோலை உராய்ந்து உலர்த்திவிடுகிறது. மழை பெய்தால் கரைந்து போகும், அளவு மீறினால் மண் உவர்க்கும். ஆனால் வீட்டுத்தோட்டத்தில் பத்துச் செடி வைத்திருப்பவர் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இனிப் பூச்சிக்கு வருவோம். நாற்றங்காலில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை ஈக்கு. அது உறிஞ்சுகிற சாறு ஒரு பொருட்டே இல்லை. இலைச்சுருட்டு வைரஸ் பிடித்த தக்காளியில் அரைமணி நேரம் உட்கார்ந்த ஈ, பிறகு மற்ற நாற்றுகளில் உட்கார்ந்து நோயை இறக்கிவிடும். நாற்று உடனே காட்டிக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரம் பச்சைப் பசேலென்று இருக்கும். நட்டு, உரம் வைத்து, களை எடுத்த பிறகுதான் நுனி சுருண்டு, இலை சிறுத்து, பூ உதிரும். அப்போதுதான் கடைக்குப் போய், "அண்ணே, சுருட்டுக்கு நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க" என்று நிற்போம். வைரஸுக்கு மருந்து கிடையாது. கடைக்காரர் கொடுப்பது ஈயைக் கொல்லும் மருந்து. ஈயோ தன் வேலையை நாற்றங்காலிலேயே முடித்துவிட்டது.

எனவே வலை. பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறோமே என்பார்கள். அது வெயிலுக்கு, ஈக்கு அல்ல. அதன் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். ஈயைத் தடுக்க ஓர் அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண் உள்ள வெள்ளைப் பூச்சிவலை வேண்டும். நாற்றுப் பண்ணையில் இரட்டைக் கதவு வைப்பது இதற்காகத்தான்: ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். வீட்டளவில் நாலு மூங்கில் பத்தையை வளைத்து வலையைப் போர்த்தி, ஓரத்தை மண்ணால் அணைத்தால் போதும். இலைப்பேன் இன்னும் ஒல்லி. 50 கண் வலையிலும் நுழைந்துவிடும். அதற்கு வலைக்குள் நீல ஒட்டுப்பொறி தொங்கவிட வேண்டும். வெள்ளை ஈக்கு மஞ்சள்.

இலைப்பேன் என்றதும் 2021 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளில் புதிதாக ஒரு கறுப்பு இலைப்பேன் பூவுக்குள் புகுந்து, பயிரையே அழித்தது. இந்தியாவில் 2015-இல் பெங்களூருவில் பப்பாளியில் முதன்முதலாக அடையாளம் கண்ட பூச்சிதான் அது. விவசாயிகள் பதறிப்போய் மருந்துமேல் மருந்தாக அடித்தார்கள். பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் அதில் செத்ததால் நிலைமை இன்னும் மோசமானது. தக்காளியில் இலையைக் குடையும் ஊசிப்புழுவும் அப்படித்தான், தென் அமெரிக்காவில் பிறந்து, 2014-இல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டு, பிறகு தெற்கே இறங்கியது. இவை நாற்றோடும் காயோடும் வண்டியேறி வருகிறவை. ஆகவே பண்ணையில் நாற்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தட்டைத் தூக்கி இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளைச் செதிலோ நெளிந்த கோடோ இருந்தால், "வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முகதாட்சண்யம் பார்த்தால் வயல் முழுக்கப் பார்க்க வேண்டிவரும்.

வலை காத்த நாற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயிலும் காற்றும் அறியாதது. நடுவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, நிழலை மெல்ல விலக்கி, கொஞ்சம் வாட விட வேண்டும். நம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று தெரியாததா? பஞ்சாக வளர்த்த நாற்று அதில் ஒரே நாளில் முறியும். வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே விதைத்து வைத்தால் காற்றும் தடைபடும், காற்றில் மிதந்து வரும் வெள்ளை ஈயும் அங்கேயே தங்கும்.

வேப்பங்கொட்டைச் சாற்றை விட்டுவிட முடியாது. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் வயலுக்கான அளவு. இளநாற்றுக்கு இதை இன்னும் நீர்க்க விட்டு அடிக்க வேண்டும். வெயில் வேம்பின் வீரியத்தைக் கெடுக்கும், அதனால் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்; பனிக்காலத்தில், பொழுது இறங்குவதற்குள் இலை உலரும்படி சற்று முன்னதாக. இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்தும் பயனில்லை. நேற்றுக் கரைத்த மிச்சம் இன்றைக்கு ஆகாது.

நட்ட பிறகு முதல் மூன்று வாரம் தினமும் ஒரு நடை நடந்து வாருங்கள். காலையில் ஒரு செடி அடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தால் எலி என்று நினைக்காதீர்கள். தூரைச் சுற்றி ஒரு விரல் ஆழம் கிளறினால் கறுத்த வெட்டுப்புழு சுருண்டு கிடக்கும், எடுத்து நசுக்கிவிடலாம். நுனி சுருண்ட தக்காளி கண்ணில் பட்டால் பாவம் பார்க்காமல் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை வரப்பில் போட்டால் அதிலிருக்கும் ஈ பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். கையோடு ஒரு பை கொண்டுபோய், உள்ளே போட்டுக் கட்டி, வயலுக்கு வெளியே குழியில் புதைத்துவிடுங்கள்.