அயல் மாநிலத் தமிழ்ப் பிள்ளைகளும் கல்லூரி உதவித்தொகையும்



பிழைப்பு நாடியும் உத்தியோகம் நாடியும் தமிழகத்தை விட்டுப் புறப்பட்ட நம்மவர், சென்ற இடத்தில் முதலில் தேடியது குடியிருக்க ஓர் அறை. அடுத்துத் தேடியது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். மும்பையின் தாராவியிலும், கோலார் தங்கவயலிலும், தில்லியிலும் அவ்வாறு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வாயிலில் நிற்கின்றனர். அங்கே கேட்கப்படும் முதற் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது. இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. முதற் கேள்வியில் தேறிய பிள்ளை, இரண்டாம் கேள்விக்கு விடையறியாது வீடு திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்விடையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியில் இட்லி வியாபாரம் செய்து வாழ்வது. மூத்த மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. தந்தை தம் ஊரில் பெற்றிருந்த ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழை இணைத்து, குடியிருக்கும் மாநிலத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். மாதங்கள் பல கழிந்து, 'நீங்கள் இம்மாநிலத்தவர் அல்லர்' என்ற மறுமொழி வந்தது. அதற்குள் தமிழகத்தில் விண்ணப்பிக்கும் தேதியும் கடந்துவிட்டது. தந்தை வட்டிக்குக் கடன் வாங்கினார். மகள் படித்தாள், ஆனால் அக்கடனை அடைப்பதற்காக அவள் தம்பி பள்ளியை விட்டுக் கடைக்குத் துணையாக வந்து நின்றான். சான்றிதழில் குறையில்லை, மதிப்பெண்ணில் குறையில்லை. தட்டிய கதவு மட்டுமே தவறானது.

ஆதலின், எந்தக் கதவு யாருக்குரியது என்பதை வகைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, சொந்த மாநிலத்தின் கதவு. முன்னாளில் உபகாரச் சம்பளம் என்று வழங்கிய உதவிகளுள் ஒன்று, பட்டியல் சாதி மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்காக 1944ஆம் ஆண்டில் தொடங்கிய உதவித்தொகை. 2021ஆம் ஆண்டில் வகுத்த நெறிகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. செலவில் நூற்றுக்கு 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்கின்றன.

இங்கேதான் நம்மவர் அறிய வேண்டிய விதி உள்ளது. ஒரு மாநிலத்தைச் சேர்ந்த மாணவர் வேறொரு மாநிலத்தில் பயின்றாலும், அவருக்கு இத்தொகையை வழங்க வேண்டியது அவர் சேர்ந்த மாநிலமே. விண்ணப்பமும் அங்கேதான் செல்ல வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகக் கொள்ளப்படுபவர், வேறு மாநிலத்தில் குடியேறினால், அவ்விடத்துச் சலுகையை அங்குக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தந்தையின் சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியும் பிள்ளைக்குச் சான்றிதழ் அளிக்கலாம் என்பது உண்மை. ஆயினும் அச்சான்றிதழ் குறிப்பது பூர்விக மாநிலத்தையே. அதைக் கையில் வைத்துக்கொண்டு புதிய மாநிலத்தின் சலுகையைக் கோரினால் தாராவிக் குடும்பத்துக்கு நேர்ந்ததே நேரும்.

சொந்த மாநிலத்தின் எல்லா உதவியும் நமக்குக் கிட்டும் என்றும் எண்ணிவிடலாகாது. கல்லூரியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், தமிழகத்து அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றவர்க்கென்று வகுக்கப்பட்டது. மும்பையில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணுக்கு அது பொருந்தாது. கிடைக்காததை எதிர்பார்த்துக் காலம் கடத்துவதும் ஒரு நஷ்டமே.

இரண்டாவது, மத்திய அரசின் கதவு. இங்கே பூர்விகம் எது என்ற கேள்வி எழுவதில்லை. நம் போன்றோர் மிகுதியாகப் பயன்படுத்த வேண்டியதும் இதுவே. 12ஆம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தில், தம் பாடப்பிரிவில், முதல் 20 விழுக்காட்டினருள் வந்து பட்டப்படிப்பில் சேர்ந்தவர்க்கு, குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இதில் பாதி மாணவியர்க்கு உரியது. நம் பிள்ளை மகாராஷ்டிர வாரியத்தில் தேறியிருந்தால் அவ்வாரியத்தின் கணக்கிலேயே வருவான். இவ்வுதவி டிப்ளமோ படிப்புக்கு இல்லை என்பதை நினைவிற் கொள்க.

டிப்ளமோ பயிலும் பெண்களுக்கு வேறொன்று உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டொன்றுக்கு 50,000 ரூபாய். அக்குழுவின் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் பட்டமோ டிப்ளமோவோ பயில வேண்டும். குடும்ப வருமானம் 8,00,000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் பெறலாம். உடற்குறையுடைய மாணவர்க்கு இதைப் போன்றே சக்ஷம் என்ற உதவி உண்டு. தாராவியில் நாம் குறிப்பிட்ட பெண் முதலாண்டிலேயே இக்கதவையும் தட்டியிருக்கலாம். இதற்குச் சாதிச் சான்றிதழ் நிபந்தனையே இல்லை. அவ்வீட்டாருக்கு இதனை எடுத்துச் சொல்வாரில்லை.

மூன்றாவது, வங்கியின் கதவு. கல்விக் கடன் என்றதும் பலர் அஞ்சுகின்றனர். நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் வேண்டுவதில்லை. பெற்றோர் கூட்டாகக் கையொப்பமிட்டால் போதும். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டுக் காலத்திலும் தவணை கட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம் தரத்தில் சிறந்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. பிற கல்லூரிகளில் பயில்வோர் வங்கிகளின் பொதுவான கல்விக் கடனைக் கேட்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரியைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தோன்றிய இம்முறையைப் பின்பற்றி, நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. குறைந்த கட்டணத்தில், குறுகிய காலத்தில், அவ்வட்டாரத்துக்கு வேண்டிய தொழிலைக் கற்பிப்பது இதன் நோக்கம். இத்தகைய தொழிற் பயிற்சிகளை நாடுவோர்க்கென்றே திறன் கடன் என்றொரு திட்டம் உண்டு. அதன் உச்ச வரம்பு 1,50,000 ரூபாயாக இருந்தது. 2024ஆம் ஆண்டில் 7,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயிற்சிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைச் சேருமுன் கேட்டறிவது அவசியம்.

இனிச் செய்ய வேண்டியவை. தந்தையின் சாதிச் சான்றிதழ் ஊரில் பெட்டிக்குள் கிடந்தால், அடுத்த பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ போகும்போது அதை எடுத்து வாருங்கள். இல்லையேல் தாசில்தார் அலுவலகத்தில் பெற்று வாருங்கள். வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் வாங்குங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, ஆதார் எண்ணை அதனோடு இணையுங்கள்; தொகை அக்கணக்குக்கே வரும். பெயரின் முன்னெழுத்து ஒரு தாளில் முன்னும் மற்றொரு தாளில் பின்னும் இருப்பது நம்மவர்க்கு உள்ள ஒரு தொல்லை. எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கச் செய்யுங்கள். மத்திய உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்தபின், கல்லூரி அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்ததா என்று நேரிற் சென்று கேளுங்கள். விண்ணப்பித்தும் இந்த ஒரு படியில் நின்றுபோனவை உண்டு. விதிகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடும். அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே செயற்படுங்கள்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழாவுக்குப் பந்தல் போடும் நாம், தேர்வு முடிவு வரும் மாதத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, படிப்பறிந்த ஒருவரை அமர்த்தினால் போதும். சான்றிதழைப் பார்த்து, இது இங்கே, இது ஊரிலே என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு வீட்டின் கடனைத் தடுக்கும். ஒரு தம்பி பள்ளியிலேயே இருப்பான்.