ஜூலையில் மீனுக்கு யார் தீனி போடுவது?



கோடை தொடங்கினால் ஒஸ்லோவில் மாடிவீடுகளில் இருக்கும் நம் தமிழர் பலருக்கும் ஒரு துண்டு மண் கிடைக்காதா என்று மனம் அலைபாயும். நகரத் தோட்டங்களில் பாத்தி கேட்டால், காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கும். ஆனால் சொந்தப் பாத்தி இல்லாமலும் மண்ணில் கைவைக்கலாம். பொதுப் பண்ணைக்குத் தொண்டராகப் போனால் போதும்.

ஒஸ்லோவின் பியோர்விகாவில் லோசேத்தர் என்ற நகரப் பண்ணை உருவான கதை சுவையானது. நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்கு மேலே இருந்த வெற்றிடம் அது. பயிர் செய்ய மண்ணே இல்லை. 2015 ஜூனில், நாட்டின் ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளின் மண்ணை ஊர்வலமாகக் கொண்டுவந்து அங்கே சேர்த்தார்கள். ஃபியூச்சர்ஃபார்மர்ஸ் என்ற கலைஞர் குழு தொடங்கி வைத்த முயற்சி இது. பிறகு நகர விவசாயி ஒருவர் பொறுப்பேற்றார். பொது அடுப்பும் எழுந்தது. களை பிடுங்கவும் கிழங்கு கிண்டவும் வந்தவர்கள் டுக்னாட் என்னும் கூட்டுத் தொண்டு வேலைக்கு வந்த சாதாரண மக்கள்தான். டுக்னாட்டை உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகத்திலும் குடியிருப்பு முற்றத்திலும் எல்லோரும் செய்திருக்கிறோம்.

இப்போது மண்ணே வேண்டாம், மீன்தொட்டி போதும் என்கிறது, மீனையும் செடியையும் ஒரே நீரில் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். செடி அதை உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் தொட்டிக்கு வரும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் நீர் மிச்சப்படுவதுதான் இதன் பெருமை. நோர்வேயில் தண்ணீருக்குக் குறையில்லை. மீன் வளர்ப்பில் மிஞ்சும் கழிவை என்ன செய்வது என்பதே இங்குள்ள கேள்வி. அதனால்தான் தென்கரையில் கிரிம்ஸ்டாட் அருகே, லாண்ட்விக்கில், நிபியோ ஆய்வு நிறுவனம் மீனையும் சலாட் கீரையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொண்டர்களை நம்பி இதை நடத்துவது வேறு விடயம். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைகொள்ளவே நாலைந்து கிழமை ஆகும். அதற்குள் அவசரப்பட்டு நிறைய மீனை விட்டால், அவை தம் கழிவாலேயே சாகும். காற்றூட்டும் பம்பு நின்றால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான் என்பதால் செடிக்கு விளக்கும் வேண்டும். உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரு கிழமை எட்டிப் பார்க்காவிட்டால் களைதான் மண்டும். மீன்தொட்டி அப்படிப் பொறுக்காது.

இங்கேதான் ஜூலை வருகிறது. அந்த மாதத்தில் ஒஸ்லோவே வெறிச்சோடிப் போகும். நோர்வேஜியர் மலைக் குடிலுக்கோ கடற்கரைக்கோ போவார்கள். நாம் லண்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவோம். தோட்டத்துக்கும் தொட்டிக்கும் ஆள் அதிகம் வேண்டிய மாதமும் அதுதான். ஆகவே மீன் எது, பம்பு எது என்பதற்கு முன்னால், ஒவ்வொரு நாளுக்கும் யார் பொறுப்பு என்ற அட்டவணையைப் பண்ணைகள் போட வேண்டும். அது நிரம்பாத இடத்தில் மண்ணே போதும்.

அட்டவணையை நிரப்ப நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் நோர்வேக்கு வந்து வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த தலைமுறையில் பலர் இப்போது ஓய்வூதிய வயதை எட்டுகிறார்கள். மீனைக் கையாண்டு பழகியவர்கள் அவர்கள். நோர்வேஜிய மொழி தடுமாறினாலும் கவலையில்லை. களை பிடுங்க இலக்கணம் வேண்டாம்.

அப்பாவை, அம்மாவை, பக்கத்து வீட்டு மாமாவை அருகிலுள்ள பண்ணைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். என்ன வேலை இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், கோடை விடுமுறையில் எந்த நாளுக்கு ஆள் இல்லை என்று கேட்டு, அந்த நாளுக்கு உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.