புதுக் கருவியும் நட்டத்தின் கணக்கும்



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. இப்பால் தேனி மாவட்டம். அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலை. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் இவ்வழியே மலையேறுகின்றன. விளைந்த ஏலக்காய் இவ்வழியே கீழிறங்குகிறது. தோட்டத்தையே நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்தோர் சிலர் இன்று பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் மென்பொருள் ஆக்கும் பணியில் அமர்ந்திருக்கின்றனர். ஏலச் செடிக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். புதிதாக வந்த ஒன்றை ஏற்பதா, விடுவதா என்னும் கேள்வி இரண்டிடத்தும் ஒன்றே. அக்கேள்விக்கு மென்பொருட் குழுக்கள் எவ்வாறு விடை காண்கின்றன என்பதை இன்று ஆராயப் புகுகிறோம்.

புதுமை எவ்வாறு பரவுகிறது என்னும் ஆராய்ச்சியின் புகழ்பெற்ற தொடக்கமே ஒரு வயற்காட்டுக் கதைதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்னும் இரு சமூகவியல் அறிஞர்கள் ஆராய்ந்து 1943-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் கணக்கில் கொண்ட உழவர் 259 பேர். விதையைப் பற்றிய செய்தியைப் பலருக்கு முதலில் சொன்னவர் விற்பனையாளர். ஆனால் விதைக்கும் துணிவைத் தந்தது அண்டை வயலின் விளைச்சலே. துணிந்தவரும் நிலம் முழுவதையும் ஒரேயடியாகப் புது விதைக்கு விட்டுவிடவில்லை. ஒரு சிறு பகுதியில் விதைத்துப் பார்த்து, ஆண்டுதோறும் பரப்பைக் கூட்டினர். இத்தகைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1962-இல் எவரெட் ரோஜர்ஸ் எழுதிய நூலின் சொற்களையே இன்று மென்பொருள் உலகத்தாரும் வழங்குகின்றனர்.

நம் மலையிலும் இதற்குச் சான்று உண்டு. இடுக்கி மாவட்டத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து பெருக்கிய ஏல வகை, 'ஞள்ளானி' என்னும் பெயரால் மலையெங்கும் பரவியது. பிறர் அச்செடியின் காய்ப்பைக் கண்ணால் கண்டு, தூர் வாங்கி நட்டனர். காய்ப்பைக் கண்டவர் செலவையும் கண்டனர். மிகுதியாகக் காய்க்கும் செடி மிகுதியாக உரமும் நீரும் கேட்குமன்றோ?

உழவன் ஏன் சிறு பகுதியில் விதைத்துப் பார்க்கிறான்? பொய்த்தால் நட்டம் அவனுடையது. கருவியைத் தேர்பவனும் நட்டத்தைச் சுமப்பவனும் அங்கே ஒருவனே. மென்பொருள் தொழிலில் அவ்வாறில்லை. குளிரூட்டிய அறையில் ஒரு குழு தேர்ந்தெடுக்கும் கருவி தவறிப் போனால், வங்கியின் வாயிலில் காத்து நிற்பவரும், மருந்துச் சீட்டு கிடைக்காமல் அலைபவரும் வேறு யாரோ. ஆதலின் உழவனுக்கு அச்சம் இயல்பாகத் தரும் எச்சரிக்கையை, மென்பொருட் குழு ஒரு முறையாக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்முறைகளுள் பெயர் பெற்ற ஒன்று, தாட்வொர்க்ஸ் என்னும் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் 'தொழில்நுட்ப ராடார்'. வானில் வரும் விமானத்தை ராடார் திரை காட்டுவதுபோல், தொழிலில் வந்துகொண்டிருக்கும் கருவிகளையும் வழிமுறைகளையும் ஒரு வட்டப் படத்தில் புள்ளிகளாகக் குறிப்பர். அதற்கு நான்கு வளையங்களை வகுத்தனர். நடுவளையத்தில் தயங்காமல் ஏற்கத்தக்கவை; அடுத்ததில் உண்மையான பணியொன்றில் அளவோடு சோதிக்கத்தக்கவை; மூன்றாவதில் கற்று ஆராயத்தக்கவை; வெளி வளையத்தில் இப்போதைக்குத் தள்ளி வைக்கத்தக்கவை. ஒரு புள்ளி என்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை குழு கூடி, எது உள்ளே நகர்ந்தது, எது வெளியே போனது என்று மீண்டும் தீர்மானிக்கும். இம்முறையைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி ராடார் வரைந்துகொள்கின்றன. நம் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை அயலூர்ப் படம் முழுதும் சொல்லிவிடாது.

ஒரு கருவியை உள்வளையத்துக்கு அழைக்குமுன் நல்ல குழு கேட்கும் கேள்விகள் சில. இது நம்முடைய எந்தக் குறையைத் தீர்க்கிறது? ஆக்கியவர் நாளை கைவிட்டால் பராமரிப்பவர் யார்? இதனை விட்டு வெளியேற நேர்ந்தால் செலவு எவ்வளவு? இதனைக் கற்றவர் குழுவில் எத்தனை பேர்? விடை தெரியாதவற்றுக்குச் சில நாள் அளவே கெடு வைத்து, ஒரு சிறு மாதிரி செய்து பார்ப்பர். பின்னர் முடிவை ஏட்டில் பதிவர். அப்போதைய சூழ்நிலை, எடுத்த முடிவு, அதனால் வரும் விளைவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி வைக்கும் இப்பழக்கத்தை மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011-இல் எடுத்துரைத்தார். எழுதியவர் வேலை மாறிப் போன பின்னும், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று மருளும் புதியவருக்கு அந்த ஏடு வழிகாட்டும்.

வருவதைக் கண்காணித்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் சிறு மென்பொருட் பகுதியில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அப்பகுதி தம் மென்பொருளில் எங்கெங்கே புதைந்துள்ளது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் வைத்திருந்தவர் விரைந்து சீர்செய்தனர். வைத்திராதவர் இரவு பகலாகத் தேடினர்.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். ஏலத்தையே ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். முன்பு கூடத்தில் வாய்மொழியாக விலை கூறி ஏலம் நடந்தது. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியம் 2007-ஆம் ஆண்டு போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. வண்டன்மேட்டு ஏலம் பின்னர்ப் புற்றடிக்கு மாறியது. 2021-இல், பெருந்தொற்றுக் காலத் தடைகளுக்கிடையே, போடியிலும் புற்றடியிலும் உள்ள வியாபாரிகள் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் பங்குகொள்ளும்படி மேகக் கணிமை வழியிலான ஏலம் தொடங்கப்பட்டது. இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். விலை கேட்கும் முறை மாறிற்று. ஆனால் மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை மின்னணு ஏலம் நீக்கிவிடவில்லை. கருவிக்கு எந்த வேலையைத் தருவது, கைக்கும் கண்ணுக்கும் எதனை விடுவது என்று பிரித்தறிவதும் மதிப்பீட்டின் பகுதியே.

அத்திரை ஒரு நாள் நடுவழியில் நின்றுபோனால் என்னாகும்? மூட்டையை ஏலத்துக்கு அனுப்பிய சிறு விவசாயிக்கு அன்றைய விலை கிட்டாது. கூலியும் கடன் தவணையும் அவர் தலைமேல் காத்திருக்கும். எங்கோ நகரத்தில் அமர்ந்து நிரல் எழுதுபவர் அவர் முகத்தைக் காண்பதில்லை. ஆகவே மேற்சொன்ன கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி உண்டு: இக்கருவி பொய்த்தால் நட்டம் யாருக்கு?

இன்று நிரலைத் தாமே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விரைந்து பரவுகின்றன. விற்பனையாளரின் குரல் உரக்கக் கேட்கிறது. மிரளவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. ஒரு சிறு பாத்தியில் விதைத்துப் பார்ப்போம். அண்டை வயலையும் போய்ப் பார்ப்போம். கண்டதை ஏட்டில் எழுதுவோம். வெளிமாநிலத்துக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர், வயதில் இளையவராயினும், 'நட்டம் யாருக்கு?' என்னும் அக்கேள்வியைத் தயங்காமல் எழுப்புக. அதைக் கேட்கும் உரிமை மலைச் சரிவில் பயிரிட்ட குடும்பத்தாரிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்து.