முதலிடுதலும் முதலைக் காத்தலும்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று பல இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. நன்கு படித்து, மாதச் சம்பளத்தில் அமர்ந்த மகனோ மகளோ, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக நிறுவனம் தொடங்கப் போவதாகச் சொல்கின்றனர். வாழ்த்துவதா, தடுப்பதா என்று பெற்றோர் திகைக்கின்றனர். அச்சத்தினால் தடுப்பதும், பாசத்தினால் வீட்டை அடகு வைத்துக் கொடுப்பதும் ஆகிய இரண்டுமே ஆராயாமல் செய்யும் செயல்கள். ஆராய்ந்து பார்ப்பதற்கு ஏற்ற சான்று ஒன்று ஓசூரிலேயே உள்ளது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இரு நண்பர்கள் 2013ஆம் ஆண்டு ஏத்தர் எனர்ஜி நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் முதலில் எண்ணியது ஸ்கூட்டர் செய்வதன்று. அன்று விற்பனையிலிருந்த மின் ஸ்கூட்டர்களுக்கு நல்ல பேட்டரி செய்து தருவதே. ஆராய்ந்தபோது, பேட்டரியை மாற்றுவதால் மட்டும் பயனில்லை, வண்டியே புதிதாக வடிவமைக்கப்பட வேண்டும் என்று கண்டனர். உடனே தம் திட்டத்தை மாற்றிக்கொண்டனர். முதற் பாடம் இதுவே. தாம் எண்ணிய பொருளின்மீது பற்று வைப்பதைவிட, வாங்குவோரின் தேவை எதுவென்று காண்பதே தொழில் தொடங்குவோர்க்கு முதற்கடமை.

இரண்டாவது பாடம், காலம் பற்றியது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் வண்டியின் மாதிரி மக்கள்முன் வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 2018இல்தான் பெங்களூரில் வாடிக்கையாளர் கைக்கு வண்டி சென்றது. தொடங்கிய நாளிலிருந்து முதல் விற்பனைக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆயின! சாலையில் மனிதரைச் சுமந்து செல்லும் பொருளுக்குச் சோதனைகள் பல வேண்டும். அவற்றைக் குறைக்க இயலாது. ஆகவே, ஓராண்டில் இலாபம் வரும் என்று பிள்ளை சொன்னால், அந்த ஓராண்டு மூன்றாண்டானால் குடும்பம் எவ்வாறு நடக்கும் என்று கேட்பது தடையன்று. அது பெற்றோரின் கடமை.

மூன்றாவது பாடம், பிறர் பொருள் பற்றியது. இந்நிறுவனத்திற்குத் தொடக்கத்தில் ஐ.ஐ.டி.யின் ஆதரவும், பின்னர்ப் பிளிப்கார்ட் நிறுவனர்களின் முதலீடும், 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்தின் முதலீடும் கிடைத்தன. இவ்வாறு வரும் பணம் கடன் அன்று. உரிமையில் பங்கு கொடுத்துப் பெறுவது. இழப்பு நேர்ந்தால் முதலிட்டவரும் அதில் பங்கு கொள்கிறார். 2023-24 நிதியாண்டில் இந்நிறுவனத்தின் இழப்பு ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்தது. அதற்குப் பின்னரே, 2025 மே மாதத்தில் அதன் பங்குகள் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. இத்தகைய இழப்பைத் தாங்கும் தோள் பெருமுதலாளர்க்கு உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் தந்தைக்கு இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும். தனியார் வரையறு நிறுவனமாகப் பதிவு செய்தால், நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரரின் பொறுப்பு அவர் இட்ட முதலோடு பொதுவாக நின்றுவிடும். ஆனால் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணைக் கையெழுத்து இட்டாலோ, வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தாலோ அந்தப் பாதுகாப்புச் சுவர் இடிந்துவிடும். படிக்காமல் இடும் ஒரு கையெழுத்து இரண்டு தலைமுறைகளின் உழைப்பைக் கொண்டுபோய்விடக்கூடும்.

நான்காவது பாடம், ஊர் பற்றியது. பெங்களூரில் தொடங்கிய ஏத்தர், தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ஏன் ஓசூர்? சிப்காட் தொழிற்பேட்டையும், 1980இல் தொடங்கிய டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும், அசோக் லேலண்டும், டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கே நாற்பதாண்டுகளாகக் கைத்திறன் மிக்கோரை வளர்த்து வைத்திருந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகியிருந்தன. பெருநிறுவனரின் வெற்றிக்குள் பெயர் தெரியாத லேத் தொழிலாளியின் விரல்நுட்பமும் அடங்கியிருக்கிறது.

ஆதலின், எல்லோரும் ஸ்கூட்டர் செய்ய வேண்டியதில்லை. ஒரு திருகாணியைப் பிழையின்றிச் செய்து தருபவரும் தொழில்முனைவோரே. அவர்க்குப் பெரும் இடர், சரக்குக் கொடுத்தபின் பணம் வராமை. குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குவோர் உரிய தொகையை மிகுதியாக 45 நாள்களுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. உத்யம் பதிவு செய்து, ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்றுவைப்பது அவ்வுரிமையைக் கேட்பதற்குத் துணையாகும்.

ஐந்தாவது பாடம், நேர்மை பற்றியது. மின்வண்டி மானியத் திட்டத்தில், சார்ஜருக்குத் தனியே பணம் வாங்கியது முறையா என்ற கேள்வி 2023இல் எழுந்தபோது, ஏத்தர் உள்ளிட்ட சில நிறுவனங்கள் அத்தொகையை வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தருவதாக அறிவித்தன. கணக்கில் ஐயம் எழுந்தால் விலை கொடுத்தேனும் அதைத் தீர்க்க நேரும் என்பதை இது காட்டுகிறது. இதே நிறுவனம் தான் வடிவமைத்த சார்ஜ் இணைப்பியைப் பிற உற்பத்தியாளரும் பயன்படுத்துமாறு 2021இல் திறந்து விட்டது. பின்னர் அது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஏற்பையும் பெற்றது. தனக்கென்று பூட்டி வைக்காததும் ஒருவகை முதலீடே.

வெற்றி பெற்ற நிறுவனத்தின் கதையை எல்லோரும் சொல்கின்றனர். மூடிய நிறுவனங்களின் கதை மேடை ஏறுவதில்லை. அதனால் எல்லை வகுத்துக்கொண்டு தொடங்குவதே அறிவுடைமை. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வதும் ஒன்றென்பதை இங்குள்ளோர் அறிவர். ஈட்டுவதற்கு மட்டுமன்றி, இழப்பதற்கும் அளவு வகுக்கலாம். இவ்வளவு பணம், இவ்வளவு காலம், அதற்குமேல் இல்லை என்று தொடங்கும் நாளிலேயே குடும்பத்தார் கூடி எழுதி வைக்கட்டும். அந்த எல்லை வந்தால், தொழிலாளர் கூலியையும் சரக்குக் கொடுத்தோர் பாக்கியையும் தீர்த்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறலாம். மூடுவது இழிவன்று, பிறர்க்குரியதைத் தராமல் மூடுவதே இழிவு.

அவ்வாறு எழுதிக் கையெழுத்திட்ட பிள்ளையை அதன்பின் ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை. மனமார வாழ்த்தி அனுப்புங்கள்.