சேமநிதிப் பணம் எங்கெங்கே உழைக்கிறது?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மாதந்தோறும் நம் சம்பளத்தில் ஒரு பகுதி ஊழியர் சேமநிதிக்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பகுதியைச் செலுத்துகிறார். 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிதி, அப்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பலவகை முதலீடுகளில் இட்டு, கிடைக்கும் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் இலாப ஈவு வழங்குகிறது. அம்முதலீடு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நூறு வெள்ளியை எடுத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டளவில் சேமநிதி வாரியம் வகுத்திருந்த இலக்கின்படி, அதில் 51 வெள்ளி கடன் பத்திரங்கள் போன்ற நிலையான வருவாய் தரும் முதலீடுகளுக்கு உரியது. அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் கடன் பெற்று, குறித்த காலத்தில் குறித்த வட்டி தருவதாக எழுதிக் கொடுப்பவையே இப்பத்திரங்கள். 36 வெள்ளி நிறுவனங்களின் பங்குகளுக்கு. 10 வெள்ளி கட்டடம், நெடுஞ்சாலை போன்றவற்றுக்கு. எஞ்சிய 3 வெள்ளி விரைவில் ரொக்கமாக்கக்கூடிய குறுகிய கால வைப்புகளுக்கு.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு. பத்திரம் நிதானமாக வருவாய் தரும். பங்கு மிகுந்த இலாபம் தரக்கூடும். விரைந்து சரியவும் கூடும். கட்டடம் வாடகை தரும். ஆனால் நினைத்தவுடன் விற்க இயலாது. ரொக்கத்தில் பயன் குறைவு. எனினும் பணம் கேட்டு வருவோர்க்கு உடனே கொடுக்க அதுவே உதவும்.

மழை நாளில் மரம் வெட்ட இயலாது. ஆயினும், கறவைப் பசுவும் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கும் குடும்பம் அந்நாளைச் சமாளித்துவிடும். வெட்டைக் கெடுத்த அதே மழை கீரைப் பாத்திக்கு நன்மை செய்கிறது. பணத்தைப் பிரித்து வைப்பதன் அடிப்படையும் இதுவே.

2008-ஆம் ஆண்டில் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு ஏறத்தாழ 39 விழுக்காடு சரிந்தது. அச்சந்தையைப் போலவே சரிந்த ஒருவரின் 100 வெள்ளி 61 வெள்ளியாகச் சுருங்கியிருக்கும். சேமநிதியோ அவ்வாண்டுக்கு 4.50 விழுக்காடு ஈவு வழங்கியது. முந்தைய ஆண்டின் 5.80 விழுக்காட்டைவிட அது குறைவுதான். எனினும் நம் சேமிப்புத் தேயவில்லை. நிதியின் பெரும்பகுதி கடன் பத்திரங்களிலும் கடன்களிலும் இருந்தமையே அதற்கு முக்கியக் காரணம். பிரித்து வைப்பது நட்டத்தை முற்றாக ஒழிப்பதில்லை. ஒரே அடியில் வீழ்ந்துவிடாமல் காக்கிறது.

தோழர்களே, 55 வயதில் நம் கைக்கு வருவது ஓர் ஆயுளின் உழைப்பு. அந்நாளில், “மொத்தப் பணத்தையும் எங்களிடம் கொடுங்கள், மாதம் தவறாமல் பெரும் இலாபம் தருகிறோம்” என்று சிலர் வாசலுக்கு வரலாம். அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எந்தெந்த வகைகளில் இடப்படும்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு? ஒன்று சரிந்தால் எது தாங்கும்? தெளிவான விடை இல்லையேல் ஒரு காசும் கொடாதீர்கள். 55 வயதானவுடன் முழுப் பணத்தையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேவையானதை மட்டும் பெற்றுக்கொண்டு மீதியைச் சேமநிதியிலேயே விட்டுவைத்தால், அதற்கும் ஈவு தொடர்ந்து கிடைக்கும்.

வியர்வை சிந்திச் சேர்த்த பொருளை விழிப்புடன் காப்போமாக.