கொரிய நாட்டுக் கற்கோயிலும் சுவடிச்சாலையும்

கொரிய நாட்டைக் காணச் செல்லும் யாத்திரிகர் பெரும்பாலும் தலைநகராகிய சியோலிலேயே தமது பயணத்தைத் தொடங்குவர். அங்கே அவர் முதலிற் காண விழைவது கியோங்போக் அரண்மனை. வடக்கே மலை அரணாக நிற்க, அகன்ற முற்றங்களும், வண்ணந் தீட்டிய மரத்தூண்களும், வளைந்த ஓட்டுக் கூரைகளும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் காட்சி உள்ளத்தைக் கவர்வதே. ஆயினும் அவ்வரண்மனையின் வயது யாது என்று வினவினால் விடை எளிதன்று. 1395 இல் முதலிற் கட்டப்பெற்றது. 1592 இல் யப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து சாம்பராயிற்று. ஏறக்குறைய 270 ஆண்டுகள் பாழாய்க் கிடந்து 1867 இல் மீண்டெழுந்தது. 1910 இல் கொரியா யப்பானிய ஆட்சிக்குட்பட்டபின் அதன் மாளிகைகளிற் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. 1926 இல் அந்நிய ஆட்சியாளரின் பெருங் காரியாலயம் ஒன்று அரண்மனையை மறைத்துக்கொண்டு எழுந்தது. 1995, 1996 ஆம் ஆண்டுகளில் அதுவும் இடித்தகற்றப்பட்டது. இன்று அங்கே காணும் மண்டபங்களுட் பல 1990 இற்குப் பின்னர் கட்டப்பெற்றவை.

மரத்தாலே கோயிலும் அரண்மனையும் எழுப்பிய நாட்டில் நெருப்பே முதற் பகைவன். அப்பகைவன் பழங்காலத்தோடு ஒழிந்துவிடவுமில்லை. சியோலின் தென்வாயிலாகிய சுங்னேமுன் 1398 இல் நிறைவுற்றது. எத்தனையோ போர்களுக்குத் தப்பி நின்றது. அதனை 2008 பெப்ரவரி 10 ஆம் நாளிரவு, நட்டஈடு பற்றி மனக்குறை கொண்டிருந்த தனி மனிதர் ஒருவர் கொளுத்திவிட்டார். ஐந்தாண்டு உழைப்பின்பின் 2013 இல் வாயில் மீண்டும் திறக்கப்பட்டது. சில மாதங்களிலேயே புது வண்ணம் உரிந்து விழத் தொடங்கியது. 2025 மார்ச்சு மாதத்துக் காட்டுத்தீயிலே தென்கிழக்கு மலைப் பகுதியிலுள்ள கோஉன்சா என்னும் புராதன விகாரையின் கட்டடங்கள் பல வெந்து போயின. ஆதலாற் கொரியாவிலே ஒரு பழம்பொருளைக் காண்பவர், இது எவ்வாறு அழியாது நின்றது, யார் இதனைக் காத்தார், காத்த முறை நன்மை செய்ததா என்றெல்லாம் கேட்டறிய வேண்டியவராகிறார்.

இக்கேள்விகளோடு செல்வதற்கு ஏற்ற இடம் கியோங்ஜு. சியோலிலிருந்து விரைவுப் புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணிநேரப் பயணம். கி. பி. 935 வரை சில்லா அரசின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. மரபு வரலாற்றின்படி சில்லாவின் ஆட்சி ஆயிரம் ஆண்டுக்குச் சற்றே குறைந்தது. ஊரின் நடுவிலே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையில், பச்சைப் புல் போர்த்த குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அவை இயற்கைக் குன்றுகளல்ல, அரசர்களின் சமாதிகள். 1973 இல் அவற்றுள் ஒன்றை அகழ்ந்தபோது பொன்முடியும், பூர்ச்ச மரப்பட்டையில் தீட்டிய வெண்குதிரை ஓவியமும் வெளிப்பட்டன.

அருகிலே வயல்வெளியில் நிற்பது சொம்சொங்டே என்னும் கற்கோபுரம். ஒன்பது மீற்றர் உயரம். குடுவை போன்ற வடிவம். ஏழாம் நூற்றாண்டில் சொந்தொக் அரசியின் காலத்தில் விண்மீன்களை நோக்குவதற்காக எழுப்பப்பட்டது என்பர். 2016 செப்டெம்பர் 12 ஆந் தேதி கியோங்ஜுவை உலுக்கிய பூகம்பத்திலே இக்கோபுரம் இரண்டு சென்ரிமீற்றர் அளவு சாய்ந்ததேயன்றி விழவில்லை.

ஊரின் நூதனசாலையில் 771 இல் வார்த்த வெண்கலப் பெருமணி ஒன்று தொங்குகிறது. அதன் நிறை ஏறக்குறைய 19 தொன். மணி நன்கு ஒலிக்க வேண்டுமென்று ஒரு குழந்தையை உருக்கிய உலோகத்தில் இட்டனர் என்றும், அதனால் மணியோசை தாயைக் கூவி அழும் குரல்போல் ‘எமிலே’ என்று கேட்கிறதென்றும் ஒரு கொடிய கதை வழங்குகிறது. பிற்கால இரசாயன ஆய்வு அக்கதைக்குச் சான்று எதனையும் தரவில்லை. எனினும் கதை மணியை விட்டு நீங்குவதாயில்லை. மணியைப் பேணும் பொருட்டு அதனை இப்போது அடிப்பது மிக அரிது. நூதனசாலைக்கு வருவோர் பெரும்பாலும் கேட்பது ஒலிப்பதிவையே. வானொலி நேயருக்கு அதிற் குறையொன்றும் தோன்றாதிருக்கலாம்.

நகருக்குத் தென்கிழக்கே தொஹாம் மலை. அதன் சாரலில் புல்குக்சா என்னும் விகாரையும், உச்சிக்கு அண்மையில் சொக்குராம் என்னும் கற்கோயிலும் உள்ளன. இரண்டையும் 751 ஆம் ஆண்டளவிற் கிம் தேசொங் என்னும் அமைச்சர் தொடங்கினார். இப்பிறப்பின் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும், முற்பிறப்பின் பெற்றோருக்காகச் சொக்குராமையும் அவர் கட்டினார் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலாகிய சம்குக் யூசா கூறும்.

புல்குக்சாவின் மரக் கட்டடங்கள் 1593 இல் எரிந்தன. இன்றுள்ள மண்டபங்களும் நடைகளும் 1969 முதல் 1973 வரை நடந்த திருப்பணியால் இப்போதைய நிலையை எய்தியவை. கல்லாலான படிக்கட்டுகளும் முற்றத்து இரு தாதுகோபங்களுமே சில்லாக் காலத்தை நேரே காட்டுவன. இரண்டினுள் ஒன்று தபோதாப். தச்சன் மரத்தை இழைப்பதுபோற் கல்லை இழைத்த வேலைப்பாடு. அதன் நாற்புறத்தும் அமர்ந்திருந்த சிங்கங்களில் மூன்று யப்பானியர் ஆட்சிக் காலத்தில் மறைந்தன, ஒன்றே எஞ்சியுள்ளது.

எதிரே நிற்கும் சொக்காதாப் ஆடம்பரமற்றது. அதனை அமைக்க அயல்நாட்டிலிருந்து வந்த அசதால் என்னும் சிற்பியைத் தேடி அவன் மனைவி வந்தாள் என்றும், வேலை முடிந்ததும் கோபுரத்தின் நிழல் குளத்தில் விழும், அதுவரை காத்திரு என்று அவளுக்குக் கூறப்பட்டதென்றும், நிழல் விழவே காணாது அவள் குளத்தில் வீழ்ந்து மாண்டாள் என்றும் மக்கள் சொல்வர். நிழலற்ற கோபுரம் என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு. 1966 இல் திருடர் இக்கோபுரத்தைப் பெயர்க்க முயன்றனர். அவர் விளைத்த சேதத்தைச் சீர்செய்யக் கற்களை இறக்கியபோது உள்ளேயிருந்து அச்சிட்ட தாரணிச் சுருள் ஒன்று கிடைத்தது. மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி அச்சிட்டவற்றுள் உலகிலேயே மிகப் பழையனவற்றில் ஒன்று அது. திருட்டும் சில வேளை இவ்வாறு உதவிவிடுகிறது.

இனி, மலைமேற் செல்வோம். பைன் மரங்களினூடே செல்லும் பாதை கீழ்க்கடலை நோக்கித் திரும்பும் இடத்திற் சொக்குராம் இருக்கிறது. இந்தியாவிலே பாறையைக் குடைந்து குகைக்கோயில் அமைத்தனர். கொரியாவின் கருங்கல்லோ குடைதற்கு இணங்காத கடினமுடையது. ஆகவே சில்லாச் சிற்பிகள் கற்களைத் தனித்தனியே செதுக்கி அடுக்கி, மேலே கோள வடிவில் விதானம் அமைத்து, மண்ணால் மூடி, குகையொன்றை உண்டாக்கினர். வட்டமான கருவறையின் நடுவே ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரத்திற் புத்தபிரான் பூமியைச் சாட்சியாக அழைக்கும் முத்திரையோடு வீற்றிருக்கிறார். தலைக்குப் பின்னே விளங்கும் ஒளிவட்டம் சிலையோடு ஒட்டியதன்று. பின்சுவரிலே தனியே செதுக்கியது. முன்மண்டபத்தில் நின்று வணங்குவோர் கண்ணுக்கு அது சரியாகத் திருமுடியைச் சூழ்ந்து தோன்றும். சுவரைச் சுற்றிச் சீடர் பதின்மரும், போதிசத்துவரும், சிலைக்கு நேர் பின்னே பதினொரு முகத்து அவலோகிதேசுவரரும் நிற்கின்றனர். விதானத்தின் நடுக்கல்லைச் செதுக்கும்போது அது மூன்றாகப் பிளந்ததென்றும், தேசொங் மனமுடைந்து அழுது துயின்றபோது தேவர் வந்து பணியை முடித்தனர் என்றும் பழைய நூல் சொல்லும். அக்கல்லிலே வெடிப்பு இன்றும் தெரிகிறது.

ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகள் இக்கோயில் மழையையும் பனியையும் தாங்கிற்று. பின்னர் விதானத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1913 முதல் 1915 வரை யப்பானிய ஆட்சியாளர் கற்களை முற்றாகப் பிரித்து மீண்டும் அடுக்கினர். வெளிப்புறத்தை ஒரு மீற்றருக்கு மேலான தடிப்பில் சீமெந்துக் கொங்கிறீற்றால் மூடினர். அக்காலத்தில் சீமெந்து புதுமையும் பெருமையும் உடைய பொருள். காக்கவே அவ்வாறு செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் முன்னர் கற்களின் இடைவெளிகளாற் சுவாசித்த குகை இப்போது மூச்சடைத்துப் போயிற்று. கல்லில் நீர் வியர்த்தது, பாசி படர்ந்தது. பாசியை அகற்றச் சூடான நீராவியைச் செலுத்தினர். அதனாற் கருங்கல்லின் மேற்பரப்பு தேய்ந்தது. பழைய கட்டட முறையில் குகையின் அடித்தளத்தின் கீழே ஊற்றுநீர் ஓடியதென்றும், அதனாற் குளிர்ந்த தரையிலேயே ஈரம் படிந்து சிலைகள் உலர்ந்திருந்தன என்றும் ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். திருத்த வந்தோர் அவ்வூற்றினை வேறு வழியில் திருப்பிவிட்டனர். 1960 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் கொரிய அரசு மீண்டும் திருப்பணி செய்தது. பழைய கொங்கிறீற்றை அகற்ற இயலவில்லை. அகற்றினாற் கற்கள் நொறுங்கிவிடும். அதன்மேல் இடைவெளிவிட்டு இன்னொரு விதானம் எழுந்தது. முன்னே மரமண்டபம் எழுந்தது. 1966 முதல் இயந்திரம் உட்காற்றின் ஈரத்தைப் போக்குகிறது. இன்று செல்வோர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றே பெருமானைத் தரிசிக்கின்றனர். கீழ்க்கடலில் எழும் ஞாயிற்றை நோக்கியிருக்கும் அத்திருமுகத்துக்கும் ஞாயிற்றுக்கும் இடையே மண்டபமும் கண்ணாடியும் உள்ளன. சிலையின் அமைதி குன்றவில்லை. காண்பவருக்குத்தான் ஒருவகைத் தவிப்பு.

கியோங்ஜுவிலிருந்து மேற்கே, தேகு நகரின் வழியாகச் சென்றால், கயா மலை எதிர்ப்படும். மலையடியில் ஓடும் அருவிப் பள்ளத்தாக்குக்கு ஹொங்னியூடொங் என்று பெயர். செந்நீர் ஓடும் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலையுதிர்காலத்தில் மேப்பிள் மரங்களின் சிவப்பு நீரிலே படிவதால் வந்த பெயர் அது. ஒக்டோபர் இறுதியிற் செல்பவர் பாக்கியசாலி. அப்பாதையின் முடிவில் 802 இல் நிறுவப்பட்ட ஹேயின்சா விகாரை உள்ளது. 81,000 இற்கு மேற்பட்ட மரப்பலகைகளிற் செதுக்கிய திரிபிடகம் அங்கே இருக்கிறது.

1232 இல் மங்கோலியர் படையெடுப்பில் கொர்யோ நாட்டின் பழைய திரிபிடகப் பலகைகள் எரிந்துபோயின. அரசவை கங்ஹ்வாத் தீவிற் புகலடைந்தது. பகைவர் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த அவ்வேளையிலேயே, புத்தபிரானின் அருளால் நாடு காக்கப்படும் என்ற நம்பிக்கையோடு, எரிந்ததைத் திரும்பச் செதுக்கும் வேலை தொடங்கிற்று. 1251 இல் பணி நிறைவெய்தியது. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலத்தில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு இலங்கை நேயருக்குப் புதிதன்று. கொர்யோவின் பிக்கு சுகி என்பவர் சீனப் பதிப்பையும், கித்தான் பதிப்பையும், பழைய கொரியப் பதிப்பையும் ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். ஐந்து கோடியே இருபது இலட்சம் எழுத்துகள் கொண்ட இப்பதிப்பின் திருத்தம் அத்துணை சிறந்ததாதலின், இருபதாம் நூற்றாண்டில் யப்பானியர் வெளியிட்ட தைஷோ திரிபிடகத்துக்கும் இதுவே மூலமாயிற்று.

பலகைகள் 1398 இல் ஹேயின்சாவுக்கு வந்தன. அவற்றை வைத்திருக்கும் நீண்ட சாலைகள் பதினைந்தாம் நூற்றாண்டின. பார்வைக்கு அவை வெறும் பண்டகசாலைகள், வண்ணமில்லை, சித்திரமில்லை. வந்தவர் பலர் ஏமாற்றத்தோடு திரும்புவதும் உண்டு. ஆனால் சாளரங்களை உற்று நோக்குக. முன்சுவரிலே கீழ்ச்சாளரம் பெரிது, மேற்சாளரம் சிறிது. பின்சுவரிலோ மேலது பெரிது, கீழது சிறிது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று கீழே நுழைந்து, பலகைகளிடையே சுற்றி, மேலே வெளியேறுகிறது. தரையின் கீழே கரியும் சுண்ணாம்பும் உப்பும் மணலோடு கலந்து இடப்பட்டுள்ளன; ஈரம் மிகுந்தால் அவை உறிஞ்சும், குறைந்தால் விடும். ஒவ்வொரு பலகையின் இரு முனைகளிலும் தடித்த கட்டை பொருத்தியிருப்பதால், அருகருகே நிறுத்தினாலும் எழுத்துள்ள பகுதிகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. அவற்றினிடையே காற்று செல்லும். விகாரையின் பிற மண்டபங்கள் பலமுறை எரிந்தும் இச்சாலைகள் தப்பின.

1951 இல் ஒருமுறை அவை அழிவின் விளிம்பிற்கே வந்தன. கொரியப் போரின்போது வட கொரியப் படையினர் கயா மலையில் ஒளிந்திருந்தனர். விகாரைப் பகுதியிற் குண்டு வீசுமாறு விமானப் படைக்குக் கட்டளை வந்தது. தாக்குதல் விமானங்களுக்குத் தலைமை தாங்கிச் சென்ற கிம் யொங்ஹ்வான், குறி காட்டும் புகை விகாரை முற்றத்திலேயே எழுவதைக் கண்டும், குண்டு வீசலாகாது என்று தம் குழுவினரைத் தடுத்துவிட்டார். கட்டளையை மீறியதற்கு மேலதிகாரிகளிடம் விடை கூற வேண்டியவரானார். 1954 இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். ஹேயின்சாவில் அவருக்கு நினைவுக்கல் நாட்டியுள்ளனர்.

போர் முடிந்து, நாடு வளம்பெறத் தொடங்கிய 1970 ஆம் ஆண்டுகளில், இத்தகைய செல்வத்தைப் பழைய மரச்சாலையில் வைத்திருத்தல் தகாது என்று அரசு எண்ணிற்று. நெருப்புக்கு அஞ்சாத நவீன கொங்கிறீற்றுக் கட்டடம் ஒன்றை அண்மையில் எழுப்பிற்று. சொக்குராமிற் கற்ற பாடம் யாருக்கோ நினைவிருந்தது போலும்; எல்லாப் பலகைகளையும் ஒரே நாளிற் கொண்டுபோகாமல், முதலிற் சிலவற்றை மாத்திரம் அங்கே வைத்துப் பார்த்தனர். பலகைகளிற் பூஞ்சணம் பிடித்தது. இடமாற்றும் திட்டம் கைவிடப்பட்டது. திரிபிடகம் பழைய சாலைகளிலேயே தங்கிற்று. யாத்திரிகர் நெடுங்காலம் மரக்கம்பிகளின் இடுக்கு வழியாகவே உள்ளே நோக்கினர். 2021 முதல், முன்கூட்டியே பெயர் பதிந்த சிறு குழுவினர் உள்ளே செல்லவும் இடமளிக்கப்பட்டது. வாயிலைக் கடந்ததும் முதலிற் புலப்படுவது இருளன்று. கீழ்ச்சாளரத்தின் வழியே கணுக்காலிற் படும் மலைக்காற்று.