நிற்க ஓர் இடம் கேட்போம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு சேமிப்பு, உள்கடன் கணக்கை கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, காலை முதல் பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். அந்த பஸ்ஸில் டவுனுக்கு சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர்!

போன மாதம் களப்பணியாளர்கள் நாங்கள் மூன்று நாள் காலையில் அந்த முக்கில் போய் நின்றோம். தூக்குவாளியோடு பெண்கள் ரோட்டு ஓரமாக நிற்கிறார்கள். உட்கார திண்ணை இல்லை, மழைக்கு ஒதுங்க கூரை இல்லை, கழிப்பறை இல்லை. "ஒண்ணுக்குப் போக இடமில்லை, அதனால காலையில தண்ணியே குடிக்கிறதில்லக்கா" என்று ஒரு சகோதரி சொன்னார். கடைக்காரர் தண்ணீர் தெளித்து விரட்டுகிறார். போகிறவன் வருகிறவன் பேசுகிற பேச்சை இங்கே சொல்ல முடியாது. எட்டரை மணிக்கு மேல் யாரும் கூப்பிடாவிட்டால் பஸ் காசும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

நம் குழு ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு உறுப்பினர் மூன்று வாரம் சந்தா கட்டவில்லை. குழு விதிப்படி நாம் அபராதம் போட்டோம். பிறகு வீட்டுக்குப் போய் விசாரித்தால்தான் விஷயம் தெரிந்தது. மணல் சலிக்க என்று ஒரு மேஸ்திரி கூட்டிப்போய், கான்கிரீட் போடும் வேலையில் நிறுத்தியிருக்கிறார். ஐந்து நாள் வேலை வாங்கி, இரண்டு நாள் கூலிதான் கொடுத்தார். அப்புறம் அந்தப் பக்கமே ஆள் வரவில்லை. அவர் பெயர் என்ன, எந்த ஊர், போன் நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது? அந்த அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த மூன்று நாள் கூலியை நம்மால் வாங்கித்தர முடியவில்லை.

ஆள் எடுக்க என்று நகராட்சி ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கொட்டகை, குடிநீர், கழிப்பறை, ஒரு நோட்டு. ஆள் கூப்பிட வருகிறவர் தன் பெயர், போன் நம்பர், என்ன வேலை, என்ன கூலி என்று எழுதிவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். கொட்டகையைவிட அந்த நோட்டுதான் நமக்கு முக்கியம். குழுவில் தீர்மானப் புத்தகம் எதற்கு வைத்திருக்கிறோம்? எழுத்தில் இருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்காதீர்கள். 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்தில் குடிநீரும் நிழலும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கண்மாய்க் கரையில் கிடைக்க வேண்டியது டவுன் ரோட்டில் ஏன் கூடாது? 2025-ல் சென்னை மாநகராட்சி, வீடு வீடாக சாப்பாடு கொண்டுபோகும் தொழிலாளர்களுக்காக அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறையே திறந்தது. வெளிநாட்டிலும் கூலியாட்கள் ரோட்டில்தான் நிற்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், வீடு கட்டும் சாமான்கள் விற்கும் பெரிய கடைகளின் வாசலில் நிற்பார்கள். 2008-ல் அந்த நகரசபை ஒரு விதி போட்டது. அப்படிப் பெரிய கடை புதிதாகக் கட்ட அனுமதி கேட்டால், அங்கே நிற்கும் ஆட்களுக்கு நிழல், குடிநீர், கழிப்பறை ஏற்பாடு செய்யச் சொல்லலாம் என்று.

ஆனால் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். நம்மைக் கேட்காமல் ஊருக்கு வெளியே எங்கேயோ கொட்டகை போட்டுக் கொடுத்தால், மேஸ்திரி அங்கே வரமாட்டார். நாமும் பழைய முக்குக்கே திரும்பிவிடுவோம். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்த வசதியான இடமாக நாமே பார்த்துச் சொல்ல வேண்டும். நோட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். அது ஒரு புரோக்கர் கைக்குப் போய்விடக் கூடாது.

இன்னொன்று, நலவாரிய அட்டை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994-லேயே தமிழ்நாட்டில் தனி நலவாரியம் அமைத்துவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பு, பிரசவம், விபத்து, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. சட்டி தூக்கும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளிதான். "கொத்தனாருக்குத்தான் அட்டை" என்று வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்குப் போன நாட்கள் நோட்டில் இருந்தால் பதிவு செய்வதற்கும் அது கைகொடுக்கும்.

அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்வோம். டவுன் வேலைக்குப் போகிறவர்கள் பெயரைத் தனியாக எழுதுவோம். நலவாரிய அட்டை யாருக்கு இல்லை என்று பார்ப்போம். இடம் கேட்டு தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்திடுவோம். எல்லாக் குழுத் தீர்மானமும் சேர்ந்ததும் நகராட்சி ஆணையரிடம் ஒன்று, கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒன்று கொடுப்போம். மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைப்போம்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நாளைக் காலையே பஸ்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். கூப்பிடுகிறவர் பெயரையும் நம்பரையும் கேட்டு எழுதுங்கள். ஒருத்தி கேட்டால் "நீ வேண்டாம், போ" என்பார். நிற்கிற எல்லோரும் சேர்ந்து கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.